நாற்பதில் அறளை பெயர்ந்தால்: பரம்பரை அல்சைமர் உள்ள குடும்பத்துக்கு

எழுபது வயதில் மறதி வந்தால் "அறளை பெயர்ந்திட்டுது" என்று விட்டுவிடுகிறோம். 42 வயதுக்காரர் ஒரே வயலுக்கு இரண்டு தரம் உரம் எறிந்தாலோ, கடையில் மிச்சக்காசு எண்ணத் தடுமாறினாலோ, குடி என்கிறோம், செய்வினை என்கிறோம், சண்டை தந்த பாதிப்பு என்கிறோம். கடைசிக் காரணம் வன்னியில் பல தரம் சரியாகவும் இருக்கும். ஆகவே பரம்பரை அல்சைமரை (மூளை மெல்லத் தேய்ந்து மறதி கூடும் நோய்) யோசிக்க முன்னர், மாற்றக்கூடிய காரணங்களைக் கழித்துவிட வேண்டும்.

கிளினிக்கில் தைரொயிட், விற்றமின் பி12, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை, மனச்சோர்வு பற்றிய விசாரணை, சி.ரி. ஸ்கான் ஆகியவற்றைக் கேளுங்கள். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளைக்கு மேல் இரத்தம் தேங்கினாலும் இதே குழப்பம் வரும்; அதை அகற்றினால் பலர் தெளிவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருப்பதை மறைக்காதீர்கள். கண், மூளை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பைக் காந்தம் அசைத்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும்.

65 வயதுக்கு முன் வரும் அல்சைமர் எல்லாமே பரம்பரை நோயல்ல. ஒரே மரபணுக் கோளாறால் நேரடியாக வருவது, மொத்த அல்சைமர் நோயாளரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பிரெசெனிலின் 1, பிரெசெனிலின் 2, ஏபிபி என்ற மூன்று மரபணுக்களில் ஒன்று பழுதாக இருக்கும், முதலாவதுதான் அதிகம். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும். ஆகவே மச்சாளைக் கட்டியதால் வந்தது என்ற பழி தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி இளையவள் தப்பினாள் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஏபிஓஈ4 என்ற மரபணு வகை வேறு, அது ஆபத்தைக் கூட்டும், நோயை உறுதிசெய்யாது.

அடுத்து, ஒரு கொப்பித் தாளில் குடும்ப மரம் வரையுங்கள். பாட்டன், பாட்டி காலத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் தொடங்கியது, முதலில் எது மாறியது, எந்த வயதில் எதனால் இறந்தார் என்று எழுத வேண்டும். பெற்றோருக்குத் தொடங்கிய வயதை அண்டியே பெரும்பாலும் பிள்ளைக்கும் தொடங்கும். இங்கேதான் வன்னிக் குடும்பங்கள் பிழைவிடும். இந்த நோய் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. ஆனால் 2009இல் 30 வயதில் இறந்தவருக்கும் காணாமற் போனவருக்கும் நோய் வெளிப்பட வயதே வரவில்லை. அவர்களை "நல்லாத்தான் இருந்தவர்" என்று எழுதாமல், "தெரியாது" என்று எழுதுங்கள்.

மரபணுப் பரிசோதனையை நோய் வந்தவரிடம்தான் தொடங்க வேண்டும். அவரில் பழுதைக் கண்டுபிடிக்காமல் பிள்ளையைப் பரிசோதித்தால், "இல்லை" என்ற முடிவுக்குப் பெறுமதியில்லை. எங்கே செய்யலாம் என்று கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவை வைத்தியர் மூலம் விசாரிக்கலாம். 18 வயதுக்குக் கீழே செய்யக் கூடாது. வளர்ந்த பிள்ளை "எனக்குத் தெரிய வேண்டாம்" என்றால் அது அவரின் உரிமை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் வற்புறுத்தாதீர்கள். முடிவு வந்த நாளில் அவரைத் தனியே விடாதீர்கள். இரவில் மனம் உடைந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பத்திரங்களை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று வைப்பதுதான் பெரிய பிழை. காணி அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் என்றால், பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை (அவருக்குப் பிறகு காணி சேரவேண்டியவரை) அவரே கையெழுத்திட்டு நியமிக்கட்டும். நொத்தாரிசு வேலைகளையும் இப்போதே முடியுங்கள். விளங்காமல் வைத்த கையெழுத்து பிறகு வழக்காகும். நகை அடகும் நுண்கடனும் வீட்டாருக்குத் தெரியாமல் நடக்கும் காலமும் இதுதான். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டையும் இன்னொருவர் வைத்திருக்க வேண்டும்.

அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் குளிசை நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்சக் காலம் தெளிவைத் தரும். வழக்கமாக 5 மி.கி. இரவில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்தே 10 மி.கி. ஆக்குவார்கள். கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நாடி குறைந்து மயங்கினால் உடனே ஆஸ்பத்திரி. மெமன்ரீன் என்ற மற்ற மருந்தைத் தரும்போது சிறுநீரக நோய் இருப்பதைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டிவரும். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் குழப்பத்தைக் கூட்டும்.

வீட்டில் முதல் வேலை கிணறு. கட்டு மட்டும் போதாது, பூட்டுப் போட்ட இரும்பு வலை மூடி வேண்டும். கிருமிநாசினி, கத்தி, மோட்டார் சைக்கிள் திறப்பு எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். படலையில் ஒரு மணி கட்டுங்கள். இவர் 80 வயதுக் கிழவரல்ல. நல்ல பலத்தோடு ஒரு மணித்தியாலத்தில் குளக்கட்டையோ கண்ணிவெடிப் பலகை நட்ட காட்டையோ அடைந்துவிடுவார். பின்னேரத்தில் "வீட்டை போகோணும்" என்பார். இடம்பெயர முந்திய வீட்டைக் கேட்கிறாராக்கும். "இதுதானே வீடு" என்று வாதாடாமல், கூடவே படலை வரை ஒரு சுற்று நடந்து வந்து பிளேன்ரீ கொடுங்கள்.

இளவயதில் வருவதில் கை திடீரென வெட்டி இழுப்பதும் வலிப்பும் அதிகம். காலையில் கோப்பை கையிலிருந்து தெறித்தால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவிட்டு நேரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.