‘ஆல் டைம் ரெக்கார்டு’ உண்மைதானா? பட வசூலைத் தலைக்கணக்காக மாற்றும் முறை

ஒரு படத்தின் வசூல் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். எத்தனை டிக்கெட் விற்றது, ஒரு டிக்கெட் என்ன விலை. இரண்டையும் பிரிக்காமல் 1982-இல் வந்த படத்தையும் 2019-இல் வந்த படத்தையும் கோடியில் ஒப்பிட்டால், பாதி நேரம் நாம் ஒப்பிடுவது விலைவாசியைத்தான். பிரித்துப் பார்க்க ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் அரை மணி நேரமும் போதும்.

பழகுவதற்கு அமெரிக்கச் சந்தையை எடுத்துக்கொள்வோம். அங்கே தியேட்டர் உரிமையாளர்கள் சங்கம் ஆண்டுவாரியாகச் சராசரி டிக்கெட் விலையை வெளியிட்டு வந்தது. நம் ஊருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

படி 1: வசூலை எடுங்கள்

வசூல் எண்களைத் தரும் இணையதளங்களில் பாக்ஸ் ஆபிஸ் மோஜோ, தி நம்பர்ஸ் இரண்டுமே நல்ல தளங்கள். இந்த வேலைக்கு மோஜோதான் வசதி. முதல் வெளியீட்டையும் மறுவெளியீடுகளையும் அங்கே தனித்தனியாகப் பார்க்கலாம். ‘டொமஸ்டிக்’, அதாவது உள்நாட்டு வசூலை மட்டும் எடுங்கள். உலக வசூலில் ஐம்பது நாட்டு விலைகள் கலந்திருக்கும், அதைப் பிரிக்க முடியாது.

நம் மூன்று படங்களின் முதல் வெளியீட்டு வசூல்: ‘ஈ.டி.’ (1982) 35.92 கோடி டாலர், ‘டைட்டானிக்’ (1997) 60.08 கோடி, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) 85.84 கோடி. டாலர் கணக்கில் எண்ட்கேம் முதலிடம், ஈ.டி. கடைசி.

படி 2: டிக்கெட் விலையால் வகுங்கள்

சராசரி விலை: 1982-இல் 2.94 டாலர், 1998-இல் 4.69, 2019-இல் 9.16. வசூலை இதனால் வகுத்தால் டிக்கெட் எண்ணிக்கை வந்துவிடும்.

ஈ.டி. 12.22 கோடி டிக்கெட். டைட்டானிக் 12.81 கோடி. எண்ட்கேம் 9.37 கோடி. டாலரில் முதலிடத்தில் இருந்த படம் கடைசிக்குப் போய்விட்டது.

டைட்டானிக்குக்கு 1998-ஆம் ஆண்டு விலையை எடுத்ததைக் கவனித்திருப்பீர்கள். படம் வந்தது 1997 டிசம்பர் 19-இல். வசூலின் பெரும்பகுதி அடுத்த ஆண்டில்தான் வந்தது. 1997-இன் விலையான 4.59-ஆல் வகுத்தால் 28 லட்சம் டிக்கெட் சும்மா கூடிவிடும். டிசம்பர் ரிலீஸ் எதுவானாலும் அடுத்த ஆண்டு விலையைப் போடுங்கள்.

பணவீக்கக் கால்குலேட்டரைப் பயன்படுத்தினால் போதாதா என்றால், போதாது. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1998-இல் 163.0, 2019-இல் 255.7, அதாவது 1.57 மடங்கு. அதே காலத்தில் சினிமா டிக்கெட் 1.95 மடங்கு ஏறியது. டைட்டானிக் வசூலைக் குறியீட்டால் பெருக்கினால் 2019 மதிப்பில் சுமார் 94 கோடி டாலர், டிக்கெட் விலையால் பெருக்கினால் சுமார் 117 கோடி. பால், வாடகை, பெட்ரோல் எல்லாம் கலந்த குறியீடு தியேட்டர் வாசலில் நடந்ததைச் சொல்லாது. ஒரு பொருளை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரியவேண்டுமானால் அந்தப் பொருளின் விலையால்தான் வகுக்க வேண்டும்.

படி 3: மறுவெளியீட்டைத் தனியாக வகுங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

ஈ.டி. 1985-இல் மறுபடி வந்து 4.06 கோடி டாலர் எடுத்தது. 2002-இல் இன்னும் 3.53 கோடி. மூன்றையும் கூட்டினால் 43.51 கோடி. இந்த மொத்தத்தை அப்படியே 1982 விலையால் வகுத்தால் 14.8 கோடி டிக்கெட் என்று வரும். அது தப்பு. 2002-இல் டிக்கெட் வாங்கியவர் 2.94 டாலரா கொடுத்தார்? 5.81 கொடுத்தார்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள்:

1982: 35.92 ÷ 2.94 = 12.22 கோடி
1985: 4.06 ÷ 3.55 = 1.14 கோடி
2002: 3.53 ÷ 5.81 = 0.61 கோடி

கூட்டினால் 13.97 கோடி. தப்பான கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 80 லட்சம் டிக்கெட்டுக்கு மேல். பல முறை மறுவெளியீடான பழைய படங்களுக்கு இந்தப் பிழை இன்னும் பெருகும்.

பழைய படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970-களிலும் அதற்கு முன்பும் அமெரிக்க சினிமா பத்திரிகைகள் பெரும்பாலும் அச்சிட்டது வசூலை அல்ல, ‘ரென்டல்’ என்ற எண்ணை. நம் பாஷையில் ஷேர். தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்தபின் விநியோகஸ்தருக்கு வரும் தொகை. அதை டிக்கெட் விலையால் வகுத்தால் கூட்டம் மிகக் குறைவாகத் தெரியும்.

படி 4: எந்தப் பக்கம் சாயும் என்று குறித்துவையுங்கள்

சராசரி விலை சராசரிதான். ‘அவதார்’ (2009) படத்தின் 74.98 கோடி டாலரை 2010-இன் 7.89-ஆல் வகுத்தால் 9.5 கோடி டிக்கெட். ஆனால் அதைப் பெருங்கூட்டம் 3டி-யில், கூடுதல் விலை கொடுத்துப் பார்த்தது. எனவே 9.5 கோடி என்பது மேல்வரம்பு. ஈ.டி. மாதிரி குழந்தைகள் குவிந்த படத்தில் இது தலைகீழ்: குறைந்த விலை டிக்கெட் அதிகம், ஆகவே உண்மையான எண்ணிக்கை நம் விடையைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் ‘குறையலாம்’, ‘கூடலாம்’ என்று ஒரு சொல் எழுதிவைத்தால் போதும்.

படி 5: மக்கள்தொகை

‘டொமஸ்டிக்’ என்றால் அமெரிக்கா மட்டும் என்று நினைக்காதீர்கள், கனடாவும் அதில் சேரும். இரு நாட்டு மக்கள்தொகை 1982-இல் சுமார் 25.7 கோடி, 1998-இல் 30.6 கோடி, 2019-இல் 36.6 கோடி. முதல் வெளியீட்டை மட்டும் எடுத்து, நூறு பேருக்கு எத்தனை டிக்கெட் என்று பாருங்கள். ஈ.டி. 48, டைட்டானிக் 42, எண்ட்கேம் 26. டாலர் பட்டியல் அப்படியே தலைகீழாகிவிட்டது. (திரும்பத் திரும்பப் பார்த்தவர்களும் இதில் உண்டு; டிக்கெட்தான் தெரியும், முகம் தெரியாது.)

தென் கொரியாவிலும் பிரான்சிலும் இந்த வகுத்தலே வேண்டாம். அங்கே பேச்சே பார்வையாளர் எண்ணிக்கையில்தான். 2014-இல் வந்த கொரியப் படம் ‘தி அட்மிரல்: ரோரிங் கரண்ட்ஸ்’ 1.76 கோடி டிக்கெட் விற்றது. நாட்டில் இருப்பது ஐந்து கோடிப் பேர். வெளிப்படையான கணக்கு என்றால் அது.

தமிழ்ப் படங்களுக்கு

முதலில் கிராஸ், நெட், ஷேர் மூன்றில் எது என்று கேளுங்கள். வரியோடு சேர்ந்தது கிராஸ், வரி போனால் நெட், தியேட்டர் பங்கும் போனால் ஷேர். ஒரு படத்தின் கிராஸையும் இன்னொன்றின் ஷேரையும் வைத்துச் சண்டை போடுவது தினமும் நடக்கிறது.

சராசரி விலைக்கு, பங்குச்சந்தையில் உள்ள பிவிஆர் ஐனாக்ஸ் தன் காலாண்டு முடிவுகளில் ஓர் எண் தருகிறது. 2023-24 நிதியாண்டில் 259 ரூபாய். அது பெருநகர மல்டிபிளெக்ஸ் விலை. மதுரை, சேலம் தனித்திரை அரங்குகளின் வசூலை அதனால் வகுத்தால் கூட்டம் பாதியாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. விலையைச் சந்தையிடம் விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் முதல் காட்சிக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதை விலை சொல்ல வேண்டும். அதற்கு வழி அடைத்தால் அந்த ஆசை பிளாக் டிக்கெட்டுக்குப் போகிறது. அந்தப் பணம் தயாரிப்பாளர் கைக்கும் வருவதில்லை, வசூல் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே வரம்பில்லாத மும்பை வசூலோடு சென்னை வசூலைக் கோடியில் ஒப்பிடாதீர்கள். டிக்கெட்டில் ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டு வசூலிலும் கவனம் தேவை. பத்து லட்சம் டாலர் 2017-இல் சுமார் 6.5 கோடி ரூபாய், 2024 கடைசியில் சுமார் 8.4 கோடி. ஓர் ஆள்கூடக் கூடாமலே ‘ரெக்கார்டு’ உடையும்.

பின்சேர்க்கை

கிராஸிலிருந்து நெட் எடுக்கும்போது விடை ஒத்துவரவில்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் கிராஸிலிருந்து 18 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது, 1.18-ஆல் வகுக்க வேண்டும். 118 கோடியில் 18 சதவீதத்தைக் கழித்தால் 96.76 கோடி வரும். வகுத்தால் 100 கோடி, அதுவே சரி. வரி விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது: நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீதம், 2019 ஜனவரி முதல் 18. நூறு வரையிலான டிக்கெட்டுக்கு முதலில் 18, பிறகு 12, 2025 செப்டம்பர் 22 முதல் 5. தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனியாக உண்டு, அதற்கு ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.