உயரம் ஐந்தடிக்குப் பக்கத்திலா? சேலை, சுடிதார், நகை எல்லாம் அளவோடு அமைய ஒரு செய்முறை

கடையில் பொம்மைக்குக் கட்டியிருந்தபோது அத்தனை அழகாக இருந்த சேலை, வீட்டுக்கு வந்து நாம் கட்டினால் வேறு சேலை போலத் தெரியும். உடனே "நான் குள்ளம், எனக்கெல்லாம் எடுக்காது" என்று பீரோவில் வைத்துவிடுகிறோம். குறை உடம்பில் இல்லை. அந்தப் பொம்மை ஐந்தரை அடிக்கு மேல் நிற்கிறது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமோ ஏறக்குறைய 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. துணி வேறு யாருக்கோ கணக்குப் போட்டு வருகிறது. அந்தக் கணக்கை நமக்கு மாற்றிக்கொண்டால் போதும். இதில் உயரமாகக் காட்டும் வித்தை எதுவும் இல்லை. உங்கள் உடம்புக்குத் துணி சரியாக உட்கார்ந்தால் நீங்கள் பளிச்சென்று தெரிவீர்கள்.

படி 1: முதலில் நாலு அளவு

கடைக்குப் போவதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் அளவு மாறிவிடும். அக்காவோ அம்மாவோ அளக்கட்டும், நீங்கள் நேராக நில்லுங்கள்.

பாவாடை நாடா கட்டுகிற இடத்திலிருந்து தரை வரை ஒன்று. தோளிலிருந்து இடுப்பு வரை ஒன்று. தோளிலிருந்து முழங்கால் வரை ஒன்று. கடைசியாக, கழுத்தோரத்திலிருந்து தோள் முனை வரை. இந்த நாலையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலும் டெய்லரிடமும் இதுதான் பேசும்.

முதல் அளவுதான் மிக முக்கியம். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 36 இஞ்ச் வரும். சேலையின் அகலம் பொதுவாக 44 முதல் 48 இஞ்ச். 46 என்றே வைத்துக்கொள்வோம். கழித்துப் பாருங்கள்: 10 இஞ்ச் துணி இடுப்புக்குள் போகிறது! வயிற்றில் புடைப்பாகத் தெரிவது பெரும்பாலும் வயிறு இல்லை, இந்தப் பத்து இஞ்ச்தான். அதை எப்படி அடக்குவது என்பதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

படி 2: கடையில் கரையைப் பாருங்கள்

மதுரையில் விளக்குத்தூண் பக்கமோ தெற்கு மாசி வீதியிலோ எந்த ஜவுளிக் கடைக்குள் போனாலும் முதலில் விரிப்பது பெரிய கரைச் சேலைதான். "இதுதாம்மா இப்பப் போகுது" என்பார்கள். போகட்டும். நீங்கள் "அண்ணே, கரை மூணு இஞ்சுக்குள்ள இருக்கறதா எடுங்க" என்று சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம், அவர்களிடம் இருக்கும்.

ஏன் மூன்று இஞ்ச்? இடுப்பிலிருந்து தரை வரை உங்களுக்கு 36 இஞ்ச்தான். அதில் எட்டு இஞ்ச் கரை வந்தால் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. பார்க்கிறவர் கண் அந்தப் பட்டையிலேயே நின்றுவிடும். இரண்டு, இரண்டரை இஞ்ச் கரை என்றால் கண் தடையில்லாமல் பாதத்திலிருந்து முகத்துக்கு ஏறும்.

கண்ணாடி முன் நின்று சேலையைத் தோளில் மட்டும் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தோளில் எந்தச் சேலையும் நன்றாகத்தான் இருக்கும். மேல் ஓரத்தைப் பத்து இஞ்ச் மடித்து இடுப்பில் பிடியுங்கள், கீழ்க்கரை பாதத்தில் விழட்டும். அப்படியே நாலு எட்டுப் பின்னால் வந்து பாருங்கள். உண்மை அப்போதுதான் தெரியும்.

நம் ஊர்ச் சுங்குடி சின்ன உருவத்துக்கென்றே செய்தது போல இருக்கும். சௌராஷ்டிரச் சமூகத்தார் மதுரையில் வளர்த்த கைவேலை அது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைச் சின்னச் சின்னதாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் நனைத்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் மலரும். ஒவ்வொரு முடிச்சும் இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். அந்தப் பொடிப் புள்ளி சின்ன உடம்பில் எங்கும் வெட்டுப்படாது. உள்ளங்கை அகலத்துக்குப் பூ, யானை, மயில் போட்ட சேலைகளைக் கட்டினால், முன்பக்கம் முழுவதும் சேர்த்தே இரண்டு மயில்தான் தெரியும். மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், உங்கள் கட்டைவிரல் நகத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்குடியில் ஒரு சங்கதி: புதிதில் கஞ்சி விறைப்பாக இருக்கும், கொசுவம் கூடாரம் போல விரிந்து நிற்கும். கட்டுவதற்கு முன் ஒரு தடவை உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசி, கஞ்சி போடாமல் இஸ்திரி போடுங்கள். துணி தணிந்துவிடும். முதல் சில அலசலில் சாயம் கொஞ்சம் போகும், மற்ற துணியோடு சேர்க்காதீர்கள்.

காரைக்குடிக் கண்டாங்கியை ஆசைப்படுகிறவர்கள் கட்டம் சின்னதாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பழைய பாணியில் பெருங்கட்டமும் அகலக் கரையுமாகத்தான் வரும். சின்னாளப்பட்டிச் சேலைகளில் சின்னக் கரை நிறையக் கிடைக்கும், விலையும் கைக்கு அடக்கம்.

கல்யாணப் பட்டு என்றால் வீட்டுப் பெரியவர்கள் அகலக் கரை கேட்பார்கள். அதில் சண்டை வேண்டாம். உடலும் கரையும் பக்கத்துப் பக்கத்து நிறமாக இருக்கட்டும்: அரக்கு உடலுக்கு மெரூன் கரை, கிளிப்பச்சைக்குக் கரும்பச்சை. நிறம் வெட்டாததால் கரையின் அகலம் கண்ணில் அறையாது. மஞ்சளுக்கு ஊதாக் கரை, அதுவும் எட்டு இஞ்ச் என்றால், அதைச் சின்ன உருவத்துக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

படி 3: பிளவுஸ்

சேலையோடு சேர்ந்து வருகிற பிளவுஸ் துணியை முதலில் வெட்டி எடுங்கள். 80 சென்டிமீட்டர், அதாவது 31 இஞ்சுக்கு மேல். புதிதாகக் கட்டுகிறவர்கள் பலர் இதை வெட்டாமலே சுற்றிவிட்டு, கொசுவம் ஏன் இத்தனை வருகிறது என்று திணறுகிறார்கள்.

டெய்லரிடம் பழைய அளவு பிளவுஸைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பிளவுஸ் உயரம் உங்கள் தோள்-இடுப்பு அளவைப் பொறுத்தது. மேல் உடம்பு குட்டையாக இருக்கிறவர்களுக்கு 13 இஞ்ச் போதும். 14, 15 என்று தைத்தால் இடுப்பு தெரியாமல், பிளவுஸும் பாவாடையும் முட்டிக்கொள்ளும். கழுத்து முன்னால் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும், வி வடிவமோ யு வடிவமோ. கழுத்தை ஒட்டி மூடுகிற போட் நெக் கழுத்துக் குட்டையானவர்களுக்கு வேண்டாம். கை, முழங்கைக்கு இரண்டு இஞ்ச் மேலே முடியட்டும். புஜத்தின் பருமனான இடத்தில் சரியாக முடிகிற கையைத் தவிருங்கள், பார்வை அங்கேயே போய் நிற்கும். தோளில் பஃப் வைப்பது தோளைத் தூக்கி, கழுத்தை விழுங்கிவிடும்.

படி 4: பாவாடை

கடையில் விற்கும் ரெடிமேட் பாவாடை பெரும்பாலும் 38 இஞ்சுக்குக் குறையாது. உங்களுக்கு 36 என்றால், நாடாவை மேலே ஏற்றிக் கட்டிச் சமாளிக்காதீர்கள். கீழே வெட்டி, சேலையின் கீழ் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் மேலே நிற்கும்படி மடித்து அடியுங்கள். நிறையச் சுருக்கம் வைத்த பாவாடையைவிட, ஆறு துண்டாக வெட்டி இணைத்த, இடுப்பில் படிந்து கீழே மட்டும் கொஞ்சம் விரிகிற ஆறு பீஸ் பாவாடை நல்லது. மதுரை வெயிலில் நாள் முழுக்க உடம்பைப் பிடிக்கிற ஷேப்வேர் கஷ்டம். காட்டன் ஆறு பீஸே தாராளம்.

படி 5: கட்டுவது

இனி நிதானமாகச் செய்யுங்கள்.

அன்றைக்குப் போடப்போகிற செருப்பை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிற நாளானால் வெறுங்காலோடு நின்று கட்டுங்கள். ஹீல்ஸுக்கு அளவு வைத்துக் கட்டிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், பொற்றாமரைக் குளத்துப் படியில் சேலை புரளும், கால் தட்டும்.

சேலையைக் கட்டிலில் விரித்து, மேல் ஓரத்தை நீளவாக்கில் ஐந்து இஞ்ச் உள்பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். சுற்றிலும் வருகிற பகுதிக்கும் கொசுவப் பகுதிக்கும் மட்டும் மடித்தால் போதும், முந்தானைப் பக்கம் வேண்டாம். 10 இஞ்ச் துணியைக் கையால் திணிக்கும்போதுதான் அது சுருண்டு உருண்டையாகிறது. ஐந்து இஞ்ச் மடித்துப் படிந்துவிட்டால் மீதி ஐந்தைத்தான் செருக வேண்டும், அதுவும் தட்டையாகப் போகும்.

அப்புறம், தொடங்கும் இடம். எல்லோரும் தொப்புளுக்கு வலப்பக்கம் செருகித் தொடங்குவார்கள். ஒல்லியான, உயரம் குறைந்த உடம்புக்கு அப்படிச் செய்தால் கொசுவம் பத்து, பதினொன்று என்று வந்து முன்னால் மூட்டை கட்டிவிடும். வலது இடுப்புக்குப் பின்னால், முதுகுப்பக்கம் தொடங்குங்கள். அங்கிருந்து முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது, ஒரு கொசுவத்துக்கான துணி பின்னாலேயே செலவாகியிருக்கும்.

கொசுவத்தின் அகலம் நாலரை இஞ்ச் இருந்தால் போதும். ஐந்து, ஆறு இஞ்சுக்கு எடுத்தால் சின்ன இடுப்பில் முன்பக்கம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். ஏழு கொசுவத்துக்கு மேல் வந்தால், மிச்சத் துணியை முந்தானைக்கு இழுத்துவிடுங்கள். செருகுவதற்கு முன் எல்லாக் கொசுவத்தையும் சேர்த்து, தொப்புளுக்கு மூன்று இஞ்ச் கீழே ஒரு ஊக்குக் குத்துங்கள். கொசுவத்தின் வாய் இடப்பக்கம் பார்க்க வேண்டும். செருகியபின் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, உள்ளே போன துணியை விரலால் இரண்டு பக்கமும் தள்ளிப் பரப்பிவிடுங்கள். இந்த ஒரு அசைவிலேயே முன்பக்கம் பாதி தணிந்துவிடும்.

முந்தானை மடிப்புக்குத்தான் நாலாவது அளவு. கழுத்தோரத்திலிருந்து தோள் முனை வரை நாலு இஞ்ச் என்றால், மடிப்பும் நாலு இஞ்சுக்குள் இருக்க வேண்டும். அதைவிட அகலமானால் புஜத்தில் வழியும், தோளே இல்லாத மாதிரி தெரியும். முந்தானை பின்னால் முழங்காலை ஒட்டி முடியட்டும். ஒற்றையாக விரித்துவிடுவது ஜார்ஜெட், ஷிஃபானுக்குச் சரி. காட்டனிலும் பட்டிலும் மடித்தே குத்துங்கள்.

கல்யாண வீட்டுக்குப் பட்டு கட்ட நேரமில்லை என்றால், இப்போது பியூட்டி பார்லர்களில் முன்கூட்டியே கொசுவம் மடித்து இஸ்திரி போட்டுத் தருகிறார்கள். அங்கே கொடுக்கும்போது இடுப்புச் சுற்றளவை மட்டும் சொல்லாமல் இடுப்பு-தரை அளவையும் மடிப்பு அகலத்தையும் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் வைக்கிற அளவையே வைப்பார்கள்.

படி 6: சுடிதார், குர்தி

கடையில் தொங்குகிற குர்தி 44, 46 இஞ்ச் நீளம். ஐந்தடிக்காரருக்கு அது கணுக்கால் பக்கம் வந்து நைட்டி மாதிரி ஆகிவிடும். முழங்காலுக்கு இரண்டு இஞ்ச் கீழே முடிந்தால் போதும், உங்கள் மூன்றாவது அளவோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், 36 பக்கம் வரும். கீழே வெட்டித் தைத்தால் பக்க ஓப்பன் சின்னதாகிவிடும். ஓப்பனையும் மேலே ஏற்றி, இடுப்பெலும்பு அருகில் தொடங்கச் சொல்லுங்கள். தோள் பெரிதாக இருக்கிற உடுப்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பக்கத்தைப் பிடிப்பது சுலபம், தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை.

கீழே சிகரெட் பேன்ட் அல்லது ஒல்லியான பேன்ட், கணுக்கால் தெரியும்படி. பலாசோ ஆசை என்றால் மேலே இடுப்பளவு குட்டை டாப் போடுங்கள். துப்பட்டாவை ஒரு தோளில் நீளமாகத் தொங்கவிடலாம். இரண்டு பக்கமும் விரித்துப் போடுவது அகலத்தைக் கூட்டும்.

படி 7: நகை, பூ, பை

தெற்கு ஆவணி மூல வீதியில் தங்கம் எடுத்தாலும் கவரிங் எடுத்தாலும் ஒன்றுதான்: கழுத்தை ஒட்டிய அட்டிகை அல்லது ஆரம், இரண்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்து, ஒட்டியாணம், வங்கி என்று அடுக்கினால் உங்கள் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆரம் மார்புக்குக் கீழே நின்றுவிட வேண்டும், தொப்புளைத் தாண்டக் கூடாது. ஜிமிக்கி ஆடும்போது தோளைத் தொடாத அளவில் எடுங்கள். ஜிமிக்கிக்கும் தோளுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி தெரிந்தாலே கழுத்து நீண்டு தெரியும்.

பூ வைக்காமல் நம் ஊரில் எந்த விசேஷமும் இல்லை. மல்லிகையைக் கொண்டையைச் சுற்றித் தடிமனாக வளைத்தால் பின்னங்கழுத்து மறைந்துவிடும். அதே இரண்டு முழத்தை இரட்டைச் சரமாக மடித்து, பின்னலின் மேலே குத்தி, நீளவாக்கில் தொங்கவிடுங்கள். கொண்டைதான் போடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் உயர்த்திப் போட்டு, கீழ்ப்பாதியில் மட்டும் பூவை வையுங்கள்.

செருப்பில் இரண்டு இஞ்ச் வெட்ஜஸ் தாராளம். நாள் முழுக்க நிற்கிற கல்யாணத்தில் ஊசி ஹீல்ஸ் நடையைக் கெடுக்கும், நடை கெட்டால் எந்த உடையும் நிற்காது. தோள் பையின் வார் நீளமாக இருந்தால் பை தொடையில் இடித்துக்கொண்டே வரும். வாரைச் சுருக்கி, பை இடுப்பெலும்பில் நிற்கும்படி வையுங்கள். ஓட்டை போதவில்லை என்றால், தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுத் தந்துவிடுவார்.