தொப்பிப் பட்டை: ஆண்டிஸ் மலை முறையில் மணி வைத்து நெய்வது

பெரு நாட்டின் குஸ்கோ அருகே சின்செரோ ஊரில் பிள்ளைகள் முதலில் பழகுவது ஹக்கிமா என்ற ஒடுக்கமான பட்டையைத்தான். நமக்கும் அதுவே நல்ல தொடக்கம். பூ வேலைக்கு அங்கே பல்யாய் என்பார்கள். அதற்கு இழைகளைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதால் அப்புறம் பார்க்கலாம். இது வெறும் கோடு போட்ட பட்டை.

கனமான குரோஷே பருத்தி நூலில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 40 இழைப் பாவு (நீளவாக்கு நூல்கள்) ஓட்டுங்கள். ஆண்டிஸில் கம்பளி நூலை இறுக முறுக்குவதால் பிசிறாது. கடையில் வாங்கும் கம்பளி பிசிறி ஒட்டும், அதனால் பருத்தியே மேல். ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை இடுப்பிலும் கட்டுங்கள். சட்டத் தறி வேண்டாம். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். அந்த வசதி சட்டத்தில் கிடைக்காது.

ஒற்றைப்படை இழைகளின் கீழே ஒரு குச்சியைச் செருகுங்கள். இரட்டைப்படை இழைகளுக்கு நூலால் விழுது, அதாவது இழையைத் தூக்கும் வளையம், கட்டுங்கள். விழுதுகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

இனி மணி. 3 மி.மீ. வெள்ளைக் கண்ணாடி மணிகளை ஊடையில் (குறுக்கே ஓடும் நூலில்) முன்கூட்டியே கோர்த்துக்கொள்ளுங்கள். நான் தடுமாறியது இங்கேதான். ஊடை வெளியே வந்ததும் மணியைத் தள்ளி, உடனே இழுத்துவிட்டேன். மணி ஓர இழைக்கு அடியில் புகுந்து, பட்டை நடுவில் புடைத்தது. ஒரு சாண் நெய்ததை வெட்டி எறிந்தேன். சரியான வரிசை இதுதான்: மணியை ஓரத்துக்குத் தள்ளுங்கள், இழுக்காதீர்கள். மறு அடுக்கு இழைகளை மேலே தூக்கி இடைவெளியைத் திறந்து, ஊடையை அடியுங்கள். ஊடையைத் திரும்ப விட்டு, மணியை விரல் நுனியால் பிடித்தபடி மெதுவாக இழுங்கள். மணி வெளியே உட்காரும்.

அங்கே ஊடையை அடிக்க ருக்கி என்ற லாமா எலும்புக் கருவி உண்டு. மர அளவுகோல் போதும், இரும்பு வேண்டாம், நூலை அறுக்கும்.

தொப்பியின் சுற்றளவைவிட நாலு விரல் கூடுதலாக நெய்து, சிறு தையலில் பொருத்துங்கள். பசை வேண்டாம், பிறகு பட்டையைக் கழற்றித் துவைக்க முடியாது.

பின்சேர்க்கை: இரண்டு வாசகிகளுக்கு ஊடை நைந்து அறுந்ததாம். எல்லா மணியையும் ஒரே நூலில் கோர்த்ததுதான் காரணம். ஒரு நூலுக்கு 60 மணிகளாகப் பிரித்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். தீர்ந்ததும் புது ஊடையைப் பழையதோடு நாலைந்து வரி சேர்த்தே நெய்துவிட்டு, பழையதை வெட்டுங்கள்.