மூன்று வரி, ஒரு மார்க்: பார்த்த படத்துக்குக் குட்டி விமர்சனம் எழுதிப் பழகுவது எப்படி?

மத்தியானக் காட்சி முடிந்து தியேட்டர் வாசலுக்கு வந்ததும் போனில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "படம் எப்படி?" நம்மில் முக்கால்வாசிப் பேர் அதற்கு அனுப்புகிற பதில் "செம", இல்லாவிட்டால் "மொக்கை", இரண்டும் இல்லையென்றால் "ஒரு தடவை பார்க்கலாம்". கேட்டவர் அதை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறார், கூட அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமையையே அதற்காக ஒதுக்குகிறார். அவருக்கு உருப்படியாக மூன்று வரி எழுதிக் கொடுப்பது பெரிய வித்தை கிடையாது. இதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். படம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி சேலம் இறங்கிவிடுவேன், அங்கே நாலைந்து நண்பர்கள் சேர்ந்துகொள்வார்கள், பார்த்த படத்துக்கெல்லாம் ஆளுக்கொரு மார்க் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். இந்தப் பழக்கத்தை நான் சீராக்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தடவை "கட்டாயம் பாருங்க, 9/10" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அக்கா அதை நம்பி ஆறு வயதுப் பையனோடு போய்விட்டாள். இரண்டாம் பாதியில் கத்திச் சண்டை, பையன் அழுது, பாதியில் எழுந்து வெளியே வந்து, அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. "ஏன்டா, கத்தி ரத்தம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா புள்ளையக் கூட்டிட்டுப் போயிருப்பேனா?" என்று கேட்டாள். எனக்குப் படம் பிடித்திருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் படிப்பவர் யார் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

படி 1: படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம்

ஒரு சின்ன நோட்டோ போனில் ஒரு குறிப்போ போதும். படத்தின் பெயர், வந்த வருடம், இயக்குநர், எங்கே பார்த்தீர்கள் (தியேட்டரா, வீட்டு டிவியா, போனிலா), தணிக்கைச் சான்றிதழ் என்ன. கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் யு (எல்லோருக்கும்), யுஏ (பிள்ளைகள் பெரியவர் துணையோடு), ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) என்றுதான் இருந்தது. 2024 முதல் யுஏவையே 7+, 13+, 16+ என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிற ஒருவருக்கு யுஏ 16+ என்ற ஒரு சொல், நீங்கள் எழுதப்போகிற பாதி விமர்சனத்துக்குச் சமம்.

படி 2: இடைவேளையில் ஒரே வரி

படம் ஓடும்போது போனை எடுக்காதீர்கள், பின்னால் இருப்பவர் கண்ணில்தான் அந்த வெளிச்சம் அடிக்கும். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது ஒரு வரி எழுதிவிடுங்கள்: இதுவரை என்ன தோன்றுகிறது, அடுத்து என்ன தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கிளைமாக்ஸ் நன்றாக இருந்துவிட்டால் முதல் பாதியில் நாம் கொட்டாவி விட்டதெல்லாம் மறந்துபோகும், கிளைமாக்ஸ் சொதப்பினால் முதல் பாதியில் ரசித்ததும் சேர்ந்து போய்விடும். அந்த ஒரு வரிதான் அப்போது சாட்சி.

படி 3: மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள், மார்க்கை மட்டும் தள்ளிப்போடுங்கள்

படம் விட்டதும் எங்கள் கூட்டம் நேரே தட்டுவடை செட் கடைக்குத்தான் போகும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துக் கடைக்காரர் கையில் கொடுப்பதற்குள் ஒருவன் "இரண்டாம் பாதி வேஸ்ட்" என்று ஆரம்பித்துவிடுவான். அவ்வளவுதான், அந்த வார்த்தை எல்லோர் மனசிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு நாலு பேர் எழுதுவதும் ஒரே விமர்சனமாக இருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன்னால், வண்டி எடுக்கும் இடத்திலேயே நின்று, நினைவில் நிற்கிற இரண்டு மூன்று காட்சிகளின் பெயரை மட்டும் குறித்துவிடுங்கள்.

மார்க் போட அவசரம் வேண்டாம். முதல் நாள் கூட்டத்தில், விசில் சத்தத்தில் பார்த்த படம் ஒரு மார்க் அதிகமாகத்தான் தெரியும். எனக்கு இதில் மலை உதவுகிறது. ஏற்காடு ஏறுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதவே முடியாது, ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வரவேண்டியதுதான். மேலே ஏற்காட்டில், ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கும்போது எந்தக் காட்சி இன்னும் மனசில் ஓடுகிறதோ அதைத்தான் எழுதுவேன். உங்களுக்கு மலை வேண்டாம், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும்.

படி 4: மூன்று வரி

முதல் வரியில் கதை, முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிற அளவுக்கு மட்டும். இரண்டாவது வரியில் ஒரு காட்சி. மூன்றாவது வரியில் யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது. இந்த இரண்டாவது வரியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். மலைப்பாதையில் ஓடுகிற பஸ், அதன் கண்டக்டர்தான் நாயகன், கடைசி டிரிப்பில் ஏறிய ஒரு பாட்டி எந்த ஸ்டாப்பிலும் இறங்காமலே காணாமல் போகிறார். படம் முடிந்து வந்து நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள்:

"செம படம். விறுவிறுப்பான திரைக்கதை. பின்னணி இசை மிரட்டல். ஹீரோ பின்னி எடுத்துட்டார். நடுவில் கொஞ்சம் லேக். 4/5."

இதை அப்படியே வெட்டி ஒரு பேய்ப் படத்துக்கு ஒட்டிப் பாருங்கள், ஒட்டும். போலீஸ் படத்துக்கும் ஒட்டும். அப்படியென்றால் நீங்கள் பார்த்த படம் இதற்குள் எங்கேயுமே இல்லை. சரி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்து "எங்கே?" என்று கேளுங்கள். விறுவிறுப்பு எங்கே? கடைசி ஸ்டாப்பில் பஸ் காலியானதும் கண்டக்டர் டிக்கெட்டை எண்ணுகிறாரே, 31 விற்றிருக்கிறது, இறங்கியது 30 பேர், டார்ச் அடித்து சீட்டுக்கு அடியிலெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி எண்ணுகிறாரே, அங்கே. அப்போது இசை எப்படி இருந்தது? யோசித்துப் பார்த்தால் அந்தக் காட்சியில் இசையே கிடையாது, சூடு ஆறுகிற இன்ஜினின் டிக் டிக் சத்தம் மட்டும்தான். ஆக, "பின்னணி இசை மிரட்டல்" என்று நீங்கள் எழுதியது பழக்கதோஷம். உங்களை மிரட்டியது இசை இல்லாத இடம்! காட்சிக்குத் திரும்பிப் போகாமல் இது தெரியவே தெரியாது. எனக்கு விமர்சனம் எழுதுவதிலேயே மிகப் பிடித்த நிமிடம் இதுதான், நாம் என்ன பார்த்தோம் என்பது நமக்கே அப்போதுதான் தெரிகிறது.

"லேக்" என்பதையும் இதேபோல் கேளுங்கள். போலீஸ் வந்த பிறகு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைக் கண்டக்டர் இரண்டு பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அங்கேதான் சோர்வு தட்டியது. இது எழுத்தில் இருக்கிற குறை. இதுவே ஒரு காட்சி முடிந்த பிறகும் வெட்டாமல் நீண்டுகொண்டே போனால் அதற்குப் படத்தொகுப்பைச் சொல்லலாம். எது எதனால் என்று ஆரம்பத்தில் பிடிபடாது, பரவாயில்லை, யார் மேலும் பழி போடாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். வசனம் சரியாகக் கேட்கவில்லை என்றால் அது தியேட்டர் ஸ்பீக்கராகவும் இருக்கலாம். அதைப் படத்தின் கணக்கில் சேர்க்காமல் தனியாக ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்போது அதே படத்துக்கு மூன்று வரி:

"மலைப்பாதையில் கடைசி பஸ்ஸில் ஏறிய பாட்டி இறங்காமலே காணாமல் போகிறார், கண்டக்டர் தேடிக் கிளம்புகிறார். காலி பஸ்ஸில் அவர் டிக்கெட்டை எண்ணுகிற காட்சியில் இன்ஜின் ஆறுகிற சத்தம் மட்டும்தான், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது, ஆனால் போலீஸ் வந்த பிறகு தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறார்கள். ரத்தம் இல்லை, பெரியவர்களோடு பார்க்கலாம், இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு வேண்டாம். 3.5/5."

4 எப்படி 3.5 ஆனது என்று கவனித்தீர்களா? எழுதி முடித்த பிறகு மார்க் தானாகவே இறங்கிவிட்டது. அதனால்தான் எண்ணைக் கடைசியில் போடச் சொல்கிறேன். முதலிலேயே போட்டுவிட்டால் அதற்கு வக்காலத்து வாங்குவதிலேயே மூன்று வரியும் போய்விடும்.

படி 5: எடைக்கல் இல்லாமல் மார்க் போடாதீர்கள்

சேலம் செவ்வாய்பேட்டை லீ பஜாரில் எடைக்கல் இல்லாத தராசை யாராவது வைத்திருந்தால் அவரிடம் நாம் பருப்பு வாங்குவோமா? மார்க்கும் அப்படித்தான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 5 வரை ஒவ்வொன்றுக்கும் ஒன்றை எடைக்கல்லாக வையுங்கள். புதிய படம் பார்க்கும்போதெல்லாம் "இது என் 3ஐவிட மேலா, 4ஐவிடக் கீழா?" என்று மட்டும் கேளுங்கள். என் கணக்கில் 5 என்றால் மறுபடியும் காசு கொடுத்துப் பார்ப்பேன், 4 என்றால் தியேட்டரில் பாருங்கள் என்று சொல்வேன், 3 என்றால் ஓடிடியில் வரட்டும், 2 என்றால் ஏதோ ஒன்றிரண்டு காட்சி தேறும், 1 என்றால் எழுந்து வந்துவிட்டேன். இதை உங்கள் நண்பர்களிடம் ஒரு தடவை சொல்லியும் வையுங்கள்.

மார்க்குக்குப் பின்னால் இருக்கிற அளவுகோல் தெரியாவிட்டால் எண் நம்மை ஏமாற்றிவிடும். ஆனந்த விகடன் தன் விமர்சனங்களில் 100க்கு மார்க் போட்டு வந்தது. 1977ல் வந்த 16 வயதினிலே படத்துக்கு அது கொடுத்தது 62.5, அதைத்தான் இன்றைக்கும் பெரிய மார்க் என்று பேசுகிறோம். பள்ளிக்கூடக் கணக்கில் 62.5 சாதாரணம்தான், ஆனால் விகடன் படித்து வளர்ந்த வீடுகளில் 40ஐத் தாண்டினாலே "சரி, போகலாம்" என்பார்கள். அதேபோல் விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. பத்து விமர்சகரில் ஒன்பது பேர் நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம், அந்த ஒன்பது பேரும் "பரவாயில்லை" ரகத்துக்குச் சற்று மேலே மட்டும் சொல்லியிருந்தாலும் 90தான் வரும். பார்வையாளர்கள் ஓட்டுப் போடுகிற ஐஎம்டிபி தளம் 10க்குப் போடுவதும் சாதாரண சராசரி கிடையாது, ஓட்டுகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். பார்த்த படங்களைக் குறித்து வைக்கிற லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை போடலாம், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இந்த அரை அரையாக ஏறுகிற அளவுதான் வசதி என்பது என் அபிப்பிராயம். 10க்கு 7.3 என்றெல்லாம் போட்டால் அந்த 0.3 எதற்கு என்று நம்மாலேயே சொல்ல முடியாது.

படி 6: ஸ்பாய்லர் (கதையை முன்கூட்டியே போட்டு உடைப்பது)

ட்விஸ்ட் என்ன என்று சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்று சொல்வதும் பாதி ஸ்பாய்லர்தான், படிப்பவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார். இடைவேளைக்குப் பிறகு நடப்பது எதையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம், அவ்வளவு போதும்.

படி 7: பழைய படமா, வருடத்தை முதலில் போடுங்கள்

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி அலிபாபாவும் 40 திருடர்களும் பார்த்துவிட்டு "கலர் ஒரு மாதிரி இருக்கு, 2.5" என்று எழுதினான். அவனை அழைத்துக்கொண்டு போய் ஏற்காடு ரோட்டில் இருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் நிறுத்தினேன். 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்றைக்கு நாம் பார்க்க முடிவது அந்த நுழைவாயில்தான். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938ல் வந்தது, அதைத் தயாரித்தது சேலத்துக்காரர்களான இவர்கள். அவன் குறை சொன்ன அலிபாபாவும் 1956ல் வந்த இவர்கள் படம், தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம். அந்தக் கலர்தான் அன்றைக்குச் செய்தி!

இதற்காக மார்க்கை ஏற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குப் பார்க்கும்போது போரடித்தால் போரடித்தது என்றே எழுதலாம், எந்தக் காட்சியில் என்றும் சேர்த்து. ஆனால் எந்த வருடத்துப் படம், அப்போது எது புதுசு என்று ஒரு வரி இருந்தால் படிக்கிறவர் சரியான மனசோடு உட்காருவார். அந்தத் தம்பி 2.5ஐ மாற்றவில்லை, "தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், 1956" என்று மேலே ஒரு வரி சேர்த்தான், எனக்கு அது பிடித்திருந்தது.

படி 8: அனுப்பிய பிறகு

உங்கள் 4ஐப் பார்த்துவிட்டு ஒருவர் "இதுக்கா 4?" என்பார். எந்தக் காட்சியில் அவருக்குப் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் இருவரும் ஒரே காட்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்குப் பொறுமையாகப்பட்டது அவருக்கு மெதுவாகப்பட்டிருக்கும். அதைக் கேட்டு உடனே மார்க்கை மாற்றிவிடாதீர்கள். மறுபடி பார்த்து மனசு மாறினால் பழைய மார்க்கை அழிக்காமல் அதற்குக் கீழே புது மார்க்கும் தேதியும் போடுங்கள், யாரோடு பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு படத்துக்கு மூன்று மார்க் இருக்கிறது. தனியாகப் பார்த்தபோது 3, நண்பர்களோடு 4, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தபோது 4.5. அம்மா எந்த இடத்தில் சிரித்தார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன், அக்கா கேட்டால் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் இப்போது அனுப்புகிறேன்.