சனிக்கோள் மிதக்குமா? மாத்திரைப் போத்தலில் செய்து பாருங்கள்

ஒரே அளவில் நான்கு மாத்திரைப் போத்தல்களைத் தேடி எடுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் நான் செய்து காட்டுவது இதைத்தான்.

முதலில் போத்தல் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத்தைத் தட்டில் வைத்து விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். நீர் விளிம்புக்கு மேல் புடைத்து நின்று, வழியாமல் ஏமாற்றும். ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டால் அடங்கிவிடும். மூடிய போத்தலை மெல்லிய கம்பியால் அமுக்கி முழுக்குங்கள். விரலால் அமுக்கினால் விரலுக்கும் சேர்த்து நீர் வழியும். வழிந்ததைச் சமையல் தராசில் நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர்.

80 மில்லிலிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கோளின் அடர்த்தியால், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்பதால், பெருக்குங்கள். நீருக்கு அது 1; அதற்குக் குறைந்தால் மிதக்கும், கூடினால் மூழ்கும். சனி 0.69, ஆக 55 கிராம். யுரேனஸ் 1.27, 102 கிராம். வியாழன் 1.33, 106 கிராம். நெப்டியூன் 1.64, 131 கிராம். போத்தலின் எடையும் இதில் அடக்கம். சனிக்கு அரிசி போதும், மற்றவற்றுக்கு மணல். நெப்டியூனுக்கு மணலோடு சில இரும்பு நட்டுகள். பூமியை விட்டுவிடுங்கள். 5.51 என்றால் 441 கிராம் ஏற வேண்டும். நட்டுகளை மட்டும் அடைத்தால் எட்டாது, பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வாளியில் போடுங்கள். மூன்று மூழ்கும்; சனி மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய மிதக்கும்.

ரப்பர் காலத்தில் நான் ரப்பர் மரப்பால் நிறுக்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்குவோம். ரப்பர் நீரைவிட இலேசு என்பதால் கெட்டிப் பாலில் அது ஆழ இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலேறி நிற்கும். கலந்தவர் முகம் அப்போதே மாறிவிடும்! கோள்களுக்கும் இதே கணக்குத்தான்.

சனியை யார் எடை போட்டது என்று கேட்பார்கள். டைட்டன் என்னும் அதன் நிலா, சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் 16 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்த வேகத்திலிருந்தே சனியின் நிறை தெரிகிறது: பூமியைப் போல் 95 மடங்கு. பருமனோ 764 மடங்கு. 95-ஐ 764-ஆல் வகுத்து 5.51-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், 0.69 வரும்.

அடுத்து, எந்தத் தொட்டியில் போடுவது என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். மழுப்பாமல் சொல்லுங்கள்: உண்மையில் மிதக்காது. 0.69 வெறும் சராசரி. போத்தலுக்கு மூடி இருக்கிறது, சனிக்கு இல்லை. அவ்வளவு நீர் ஒன்றுசேர்ந்தால் அதுவே ஒரு கோளாகிச் சனியை இழுக்கும். சனியின் ஹைட்ரஜனும் ஹீலியமும் பிரிந்து மேலே பரவ, நடுவிலுள்ள பாறை அடியில் போய்ச் சேரும்.