நாஸ் பெட்டியைத் திட்டுவதற்கு முன்னால்

தங்கை கல்யாண ஃபோட்டோக்கள் 600 சொச்சம், திருச்சி வீட்டு நாஸ் பெட்டியில் (ரவுட்டரில் மாட்டி, பல கணினிகளிலிருந்து எட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) ஒரே ஃபோல்டரில் கிடந்தன. நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி அதைத் திறந்துவிட்டு, "அண்ணா, அந்தப் பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது" என்று போன் பண்ணினான். நான் உடனே செய்த காரியம், பெட்டிக்குக் கூடுதல் ரேம் வாங்கிப் போட்டது. கோடு அப்படியே நின்றது. அதே ஃபோல்டர் வீட்டு லேப்டாப்பில் சட்டென்று திறக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். வீட்டுக்குள் வேகமாகவும் வெளியிலிருந்து மந்தமாகவும் இருந்தால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, வழியில் இருக்கிறது.

முதலில் கணக்கில் விழும் தவறு. "200 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் வைத்திருக்கிறேன், ஆனாலும் மெதுவாக இருக்கிறது" என்பவர்களிடம் அப்லோட் எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வெளியே இருப்பவர் டவுன்லோட் செய்வது உங்கள் வீட்டுக்கு அப்லோட், அதனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஸ்பீடு டெஸ்டில் வரும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அதையும் போனில் வைஃபை வழியாக இல்லாமல் ரவுட்டரில் கேபிள் செருகிய கணினியில் பாருங்கள். இன்னொன்று, அந்த எண் பிட் கணக்கு, கணினி காட்டும் வேகம் பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். அப்லோட் 40 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 5 எம்பிதான் வரும், 4 ஜிபி வீடியோ இறங்க 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த 5 எம்பி உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் எதுவும் கெடவில்லை, வேறு பிளானுக்கு மாறுவதுதான் வழி.

வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரிலே. வெளியிலிருந்து வீட்டுப் பெட்டியை எட்ட உதவும் சேவைகளான சினாலஜி நாஸ் நிறுவனத்தின் குவிக்கனெக்ட், டெயில்ஸ்கேல் போன்றவை முதலில் இரண்டு முனைகளையும் நேராக இணைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் சத்தமில்லாமல் நடுவில் ஒரு சர்வர் வழியாக எல்லாவற்றையும் சுற்றிவிடும். கனெக்ட் ஆகிவிட்டது என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். பலர் பயன்படுத்தும் பொது சர்வர் அது, வேகம் அதன் கையில். டெயில்ஸ்கேல் வைத்திருந்தால் அதன் ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், உங்கள் பெட்டிக்கு எதிரே 'டைரக்ட்' என்று இருக்கிறதா 'ரிலே' என்று இருக்கிறதா என்று தெரியும். எனக்கு ரிலே என்று வந்தது. ஒரு மாதமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது.

ரிலேயில் போய் விழுவதற்கு வழக்கமான காரணம் சிஜிநாட். ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் போதாமல் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நெட் நிறுவனங்கள் அடுக்கி வைக்கும் ஏற்பாடு இது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி) என்று இருப்பதையும், உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் தளங்கள் காட்டுவதையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். (டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் இதே வரிசையில்தான் வரும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.) இந்த நிலையில் ரவுட்டரில் உட்கார்ந்து போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நாஸுக்குத் திருப்பிவிடுவது) செய்வது வீண்வேலை, வாசல் உங்கள் கையிலேயே இல்லை. மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி கேட்கலாம். அதற்கு முன், காசில்லாத வழி ஒன்று: இரண்டு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு சிஜிநாட் தேவைப்படுவதில்லை, நேர்வழி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு ரவுட்டரில் அணைந்து கிடந்த ஐபிவி6-ஐ ஆன் செய்ததும் ரிலே போய் டைரக்ட் வந்தது.

ஆனாலும் ஃபோட்டோ ஃபோல்டர் மட்டும் நகரவில்லை! இங்கேதான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விண்டோஸில் டிரைவ் எழுத்து கொடுத்து இணைக்கிறோமே, அதில் ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி முறை ஒரே இடத்துக்குள் இருக்கும் உள்ளூர் நெட்வொர்க்குக்காகப் பிறந்தது, அளவுக்கு மீறிப் பேசும். ஒரு ஃபைலைத் திறக்க, விவரம் கேட்க, படிக்க, மூட என்று நாலைந்து தடவை போய்வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் என்றால் ஒரு போய்வரலுக்கு 40 மில்லி விநாடி போல ஆகும், தாங்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரை 200-ஐத் தாண்டும். ஒரு ஃபைலுக்கு 5 போய்வரல் என்று வைத்தால் ஒரு விநாடி, 600 ஃபைலுக்குப் பத்து நிமிடம், அதுவும் வெறும் காத்திருப்பு மட்டும். இதில் தம்பி 'லார்ஜ் ஐகான்ஸ்' வேறு போட்டு வைத்திருந்தான், ஒவ்வொரு படத்தின் சின்ன உருவத்துக்காகவும் விண்டோஸ் ஃபைலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்லோட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

நாஸிலேயே அந்த ஃபோல்டரை ஒரே ஜிப் ஃபைலாக்கி, பிரவுசர் வழியாக இறக்கச் சொன்னேன். ஜேபெக் படங்களை ஜிப் போட்டால் அளவு குறையாதே என்று கேட்பீர்கள். குறைய வேண்டாம், 600 பேச்சு ஒரு பேச்சானால் போதும். தினமும் தொட வேண்டிய ஃபைல்கள் என்றால் சின்க்திங் போல ஃபைல்களைத் தானே ஒத்திசைக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து இரண்டு பக்கமும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்து டிரைவில் இருக்கும் வீடியோவை அங்கேயே எடிட் செய்வேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

விபிஎன்தான் (டெயில்ஸ்கேல் போல வீட்டுக்குப் பூட்டிய தனிவழி போடும் ஏற்பாடு) மந்தம் என்று எரிச்சலாகி, எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடும் ஆட்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், அந்தக் கதவு வழியாகத்தான் பரவியது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டியது. இத்தனை ஆபத்தையும் வாங்கிக்கொண்டாலும் எஸ்எம்பியின் வளவளப் பேச்சு குறையப் போவதில்லை.

விபிஎன்னில் பார்க்க வேண்டியது வேறு. ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் டிசிபி முறையில் (ஒவ்வொரு துண்டும் சேர்ந்ததா என்று உறுதிசெய்தபடி அனுப்புவது) ஓடினால், அப்படி உறுதி கேட்காத யுடிபிக்கு மாற்றுங்கள், இல்லை வயர்கார்டு என்ற வேறு விபிஎன்னுக்கே போய்விடுங்கள், சின்ன பிராசஸர் உள்ள நாஸ்களுக்கு அது லேசு. ஃபோல்டர் பட்டியல் வருகிறது, சின்ன ஃபைல் திறக்கிறது, பெரிய ஃபைல் மட்டும் தொடங்கி உறைந்துவிடுகிறது என்றால் எம்டியுவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் துண்டின் அதிகபட்ச அளவை (பைட் கணக்கு), சந்தேகப்படுங்கள். வயர்கார்டில் வழக்கமாக 1420 இருக்கும், 1280 ஆக்கிப் பாருங்கள்.

கேபிளையும் ஒரு கண் பாருங்கள். ஒரு கம்பி அறுந்த பழைய லேன் கேபிள் ஜிகாபிட்டிலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், வீட்டுக்குள்ளேயே 11 எம்பிக்கு மேல் போகாது. முதல் ஃபைல் மட்டும் பத்து விநாடி இழுத்தால் ஹார்ட் டிஸ்க் தூங்கி எழுகிறது, அவ்வளவுதான். எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டு கணினிகளுக்கு நடுவே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டி எண்ணை எழுதி வையுங்கள். நான் மூன்றை ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அப்புறம், தம்பி தினமும் மதியம் மூன்றரை, நாலு மணிக்கு மட்டும் மறுபடியும் மெதுவாகிறது என்றான். அவன் பக்கத்து நெட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று நான் இரவு 2 மணிக்கு வைத்திருந்த கிளவுட் பேக்கப், அவனுக்குப் பிற்பகலில் வீட்டு அப்லோட் முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தது. பேக்கப்புக்கு வேக வரம்பு போட்டு, காலை 11 மணிக்கு மாற்றி வைத்தேன், அப்போது அவன் தூங்குவான்.