ஷீட் விரித்த பிறகும் தண்ணீர் ஏன் மிச்சமாகவில்லை?

பாத்தி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பான நிலப்போர்வையை (மல்ச்சிங் ஷீட்) விரித்த பிறகும் பழைய கணக்கிலேயே சொட்டுநீர் விடுகிறவர்கள் நிறைய. வெயிலில் ஆவியாகிப் போகும் ஈரத்தைத்தான் இந்த ஷீட் தடுக்கிறது. விரித்த பிறகும் முன்பு ஓடிய அளவு நேரமே மோட்டார் ஓடினால், மிச்சமாக வேண்டிய தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிவிடும். போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போகும். மேலே ஒன்றும் தெரியாது. வேர் மூச்சுத் திணறி இலை மஞ்சளாகி வாடும்போது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிவிடுவார்கள். வேரழுகல் வந்து சேர வேறென்ன வேண்டும்?

ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதை நம்பியும் ஏமாறுவதுண்டு. அது மேல்மண்ணின் ஆவி குளிர்ந்து நிற்பது, அவ்வளவே. செடித் துளைக்குள் கைவிட்டு, அரைச் சாண் ஆழத்து மண்ணை அள்ளிப் பிசைந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் இன்று வால்வைத் திறக்க வேண்டாம். உருண்டை பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்ந்தால் பாய்ச்சலாம். மணல் நிலத்துக்கு இந்தச் சோதனை சரிவராது.

காய்ந்த மண்ணின் மேல் விரிப்பது இன்னொரு தவறு. பிறகு பெய்யும் மழையில் பெரும்பகுதி ஷீட்டின் மேலேயே வழிந்தோடிவிடும். முதலில் நிலத்தை நனைத்து, கட்டிகளை உடைத்து, சொட்டுநீர்க் குழாயைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடைத்துக்கொண்ட சொட்டுவானை ஷீட்டுக்கு அடியில் தேடுவது எரிச்சலான வேலை.

நிறத்திலும் கவனம் தேவை. ஒளி புகும் ஷீட்டுக்குள் களை செழித்து வளரும். கறுப்பு ஷீட் கோடையில் மண்ணைச் சூடாக்கும். வெள்ளி-கறுப்பு ஷீட்டில் வெயில் காலத்துக்கு வெள்ளி முகம் மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு ஷீட்டைக் குறை சொல்வோரும் இருக்கிறார்கள்.

தொய்வாக விட்டால் காற்றில் அடித்துக்கொண்டு துளை நகரும். நாற்றை ஷீட் மூடிவிடும். தண்டு சூடான விளிம்பில் உரசினால் கருகும். ஓரங்களை மண்ணில் நன்றாகப் புதையுங்கள்.

சில மாதக் காய்கறிக்கு 25 முதல் 30 மைக்ரான் தடிமன் போதும். அதைவிட மெலிதாக வாங்கினால் அறுவடைக்குப் பின் உரிக்கும்போது நார்நாராகக் கிழியும். அந்தத் துண்டுகளோடு உழுதுவிடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். ஓரத்து மண்ணை முதலில் தளர்த்திவிட்டு, பாத்தியின் ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டினால் பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும்.